கைக்குழந்தையின் இதயக் கோளாறு: வீட்டிலேயே கண்ணில் படும் அறிகுறிகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு, முதல் சில மாதங்களில் பெற்றோரும் பாட்டிமாரும் கேட்கும் கேள்விகள் இவை. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து முடிவு சொல்ல வேண்டியவர் குழந்தை இதய மருத்துவர்தான். ஆனால் அவரிடம் காட்ட வேண்டும் என்று முதலில் தோன்ற வேண்டியது, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டும் மடியில் போட்டுக்கொண்டும் இருப்பவர்களுக்கு.

பிறவி இதயக் கோளாறு என்றால் இதயத்தில் ஓட்டைதானே?

ஓட்டை அதில் ஒரு வகை. கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, மேலறைகளுக்கு நடுவே ஓட்டை இரண்டுமே பரவலாக இருப்பவை. இவை தவிர வால்வு சுருங்கியிருக்கலாம், இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனி ஓர் இடத்தில் இறுகியிருக்கலாம், இரண்டு பெரிய ரத்தக் குழாய்களும் இடம் மாறிப் பொருந்தியிருக்கலாம், நுரையீரலிலிருந்து வரும் குழாய்கள் தவறான அறையில் போய்ச் சேரலாம். ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் சுமார் எட்டு முதல் பத்துக் குழந்தைகளுக்கு ஏதோ ஒரு கோளாறு இருக்கும். எல்லாமே ஆபத்தானவை என்று பயந்துவிட வேண்டாம். கீழறைத் தடுப்பின் தசைப் பகுதியில் இருக்கும் சிறிய ஓட்டைகள் பெரும்பாலும் தாமாகவே மூடிக்கொள்ளும். முதல் மாதத்திலேயே சிகிச்சை கிடைத்தாக வேண்டிய குழந்தைகளும் உண்டு. அவர்களைத் தவறவிடாமல் இருப்பதுதான் முக்கியம்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது எல்லாம் நார்மல் என்றார்களே? பிறகு எப்படி திடீரென்று வரும்?

கோளாறு பிறக்கும்போதே இருக்கிறது, வெளியே தெரியும் நேரம்தான் வேறுபடும். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வயிற்றில் இருக்கும்போது குழந்தை நுரையீரலால் சுவாசிப்பதில்லை. அதனால் நுரையீரலுக்குப் போகும் குழாயையும் மகாதமனியையும் இணைக்கும் ஒரு சிறு குழாய் திறந்தே இருக்கும். பிறந்த சில நாட்களில் இது மூடிக்கொள்ளும். நல்ல இதயத்துக்கு அது தேவையில்லை. ஆனால் சில கோளாறுகளில் குழந்தை அந்த ஒரு குழாயை நம்பித்தான் உயிர் வாழ்கிறது. அது மூட ஆரம்பித்ததும் நேற்று வரை நன்றாக இருந்த குழந்தை பால் குடிக்காமல், உடல் வெளுத்து, கால் சில்லிட்டுத் துவண்டுவிடும். மகாதமனி இறுகியிருக்கும் குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் நடக்கும். பார்ப்பதற்கு ரத்தத்தில் கிருமித்தொற்று வந்த மாதிரியே இருக்கும் என்பதால் மருத்துவர்கள் தொடை இடுக்கில் நாடி கிடைக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். அந்தக் குழாயைத் திறந்து வைக்கப் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற மருந்து இருக்கிறது. அதைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

பெரிய ஓட்டையின் கதை வேறு. பிறந்த புதிதில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருக்கும். ஆகவே ஓட்டை வழியாக ரத்தம் அதிகம் பாயாது. குழந்தை நன்றாகவே இருக்கும். அடுத்த சில வாரங்களில் அந்த அழுத்தம் இறங்க இறங்க, ஓட்டை வழியாக ரத்தம் நுரையீரலுக்குள் பெருகும். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு வரும் சமயத்தில்தான் மூச்சு வாங்குவதும் எடை நிற்பதும் தெரிய ஆரம்பிக்கும். தடுப்பூசி போடும் அன்று எடை பார்த்தார்களா, அட்டையில் எழுதினார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பால் குடிப்பதை. பெரியவர்களுக்கு மாடிப்படி ஏறும்போது இதயத்தின் பலவீனம் தெரியும். கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் மாடிப்படி.

நல்ல பசியோடு அழுது வாயை வைக்கும். பத்துப் பதினைந்து முறை சப்பியதும் விட்டுவிட்டு வேகமாக மூச்சு வாங்கும். நெற்றியிலும் மேலுதட்டின் மேலும் முத்து முத்தாக வேர்வை துளிர்க்கும். மறுபடி சப்பும், மறுபடி நிறுத்தும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் களைத்துத் தூங்கிவிட்டிருக்கும்; வயிறு நிறைந்திருக்காது. முக்கால் மணி நேரத்தில் பசியோடு எழுந்து அழும். இது நாளெல்லாம் தொடரும். "எப்பவும் மார்லயே கிடக்கு, ஆனா எடை ஏறல" என்று அம்மாக்கள் சொல்வது பல நேரம் இதைத்தான். உடனே "உனக்குப் பால் பத்தல" என்று தாயின் தலையில் பழியைப் போட்டு டப்பா பாலுக்கு மாற்றுவது நம் வீடுகளில் வழக்கம். பாட்டிலில் கொடுத்தாலும் அதே மாதிரி திணறி நிறுத்தினால், பாலில் குறை இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

எந்தக் குழந்தையும் ஒரு வேளை மெதுவாகக் குடிக்கும். ஒவ்வொரு வேளையும் அப்படியே இருந்தாலோ, முன்பு இருபது நிமிடத்தில் குடித்த குழந்தை இப்போது முப்பது நாற்பது நிமிடம் எடுத்தாலோ காட்ட வேண்டும்.

நம் ஊர் வெயிலில் எல்லாக் குழந்தைக்கும் வேர்க்கத்தானே செய்யும்?

வேர்க்கும். அதனால்தான் நேரம் பார்த்துக் கவனிக்கச் சொல்கிறோம். மே மாத மத்தியானத்தில் தலை நனைந்தால் அதில் ஒன்றும் இல்லை. மின்விசிறிக்குக் கீழே, மெல்லிய சட்டையோடு, மற்றவர்களுக்கு வேர்க்காத நேரத்தில் பால் குடிக்கும்போது மட்டும் நெற்றி நனைகிறதென்றால் அது வேறு.

எடை எவ்வளவு ஏற வேண்டும்?

பிறந்த முதல் வாரத்தில் கொஞ்சம் குறையும். 10 முதல் 14 நாட்களுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன் பிறகு முதல் மூன்று மாதங்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 கிராம். வாரத்துக்கு ஒரு 150–200 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதயக் கோளாறில் பெரும்பாலும் நீளமும் தலைச் சுற்றளவும் ஓரளவு வளர்ந்துகொண்டிருக்கும், எடை மட்டும் நின்றுவிடும். "சவலைப் பிள்ளை, போகப்போகத் தேறிடும்" என்று விட்டுவிடக் கூடாத இடம் இது. இன்னொரு பக்கம், சரியாகப் பால் குடிக்காத குழந்தைக்கு ஓரிரு நாளில் எடை சட்டென்று ஏறி, கண் இமை வீங்கியிருந்தால் அது நீர் தங்குவதாக இருக்கலாம். அதையும் காட்ட வேண்டும்.

மூச்சு வேகமாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எண்ணிப் பாருங்கள். குழந்தை தூங்கும்போது, அல்லது அழாமல் அமைதியாக இருக்கும்போது, சட்டையை மேலே தூக்கி விட்டு வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. போனில் டைமர் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது கைக்குழந்தைக்குச் சரிவராது. அவர்கள் சில நொடி வேகமாக மூச்சு விட்டு, சில நொடி நிறுத்தி, மறுபடி ஆரம்பிப்பார்கள். ஐந்து, ஆறு நொடி நிற்பது இயல்பு. இருபது நொடிக்கு நின்றால் ஆபத்து.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் என்றால் வேகம். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50. முதல் தடவை இந்த அளவைத் தொட்டால் சிறிது நேரம் கழித்து இன்னொரு தடவை எண்ணுங்கள். மறுபடியும் அப்படியே வந்தால் அன்றே காட்ட வேண்டும். எண்ணிக்கை தவிர, விலாவுக்குக் கீழே பள்ளம் விழுகிறதா, மூக்குத் துளை விரிகிறதா, மூச்சு விடும்போது முனகுகிறதா என்றும் பாருங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் இன்னொரு தடவை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

கை கால் நீலமாக இருக்கிறது. இதயக் கோளாறா?

பிறந்த சில நாட்களில் உள்ளங்கை, உள்ளங்கால் மட்டும் நீலம் பாய்ந்திருப்பது சகஜம். குளித்ததும், குளிரிலும் அப்படி ஆகும். பார்க்க வேண்டிய இடம் நாக்கு, உதட்டின் உள்பக்கம், ஈறு. நாக்கு நீலமாகவோ கத்திரிப்பூ நிறத்திலோ இருந்தால் எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. ரத்தக் குழாய்கள் இடம் மாறிய குழந்தை நீலமாக இருக்கும், ஆனால் பெரிதாக மூச்சுத் திணறாது, அழாது, சமத்தாகப் படுத்திருக்கும். சும்மா இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள்.

எங்கள் குழந்தை கறுப்பு. நீலம் எப்படித் தெரியும்?

தோலில் தேடாதீர்கள். நாக்கையும் ஈறையும் ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கின் கீழ் வைத்திருக்கும்போது எந்தக் குழந்தைக்கும் நிறம் தெரியாது. ரத்தசோகை இருந்தாலும் நீலம் எளிதில் வெளியே தெரியாது. தவிர, ஆக்சிஜன் அளவு கணிசமாகக் குறைந்த பிறகுதான் கண்ணுக்கே தெரியும். 90 சதவீதத்தில் இருக்கும் குழந்தை அனுபவமுள்ள நர்ஸின் கண்ணுக்குக்கூட நல்ல நிறமாகத் தோன்றலாம். ஆகவேதான் கருவி வைத்துப் பார்க்கிறார்கள்.

அந்தப் பரிசோதனை எப்படி? எங்கள் குழந்தைக்குச் செய்தார்களா என்றே தெரியவில்லை.

பல்ஸ் ஆக்சிமீட்டர் பரிசோதனை. பிறந்து 24 மணி நேரம் ஆன பிறகு, வலது கையிலும் ஏதாவது ஒரு காலிலும் சின்னப் பட்டையைச் சுற்றி ஆக்சிஜன் அளவு பார்ப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. வலது கைக்குப் போகும் ரத்தம் மேலே சொன்ன அந்த இணைப்புக் குழாய்க்கு முன்பே பிரிந்துவிடும். காலுக்குப் போவது அதைத் தாண்டித்தான் போகும். இரண்டையும் ஒப்பிட்டால் கோளாறு பிடிபடும். இரண்டிலும் 95 அல்லது அதற்கு மேல் இருந்து, வித்தியாசம் 3-ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது. ஏதாவது ஒன்றில் 90-க்குக் கீழே இருந்தால் உடனே மேற்கொண்டு பார்க்க வேண்டும். இடைப்பட்ட அளவு என்றால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

எல்லா மருத்துவமனையிலும் தவறாமல் செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது. டிஸ்சார்ஜுக்கு முன்னால் "கையிலயும் கால்லயும் ஆக்சிஜன் பாத்தாச்சா சிஸ்டர்?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். இந்தச் சோதனையில் தேறிவிட்டால் இனிக் கவலையே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். மகாதமனி இறுக்கம் இதில் பல தடவை நழுவிவிடும். நீலம் உண்டாக்காத ஓட்டைகள் இதில் தெரியவே தெரியாது.

கொரோனா நேரத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் வீட்டில் இருக்கிறது. அதை மாட்டிப் பார்க்கலாமா?

வேண்டாம். பெரியவர் விரலுக்கான கிளிப் அது. குழந்தை விரலில் சரியாக உட்காராது. தப்பான எண் காட்டி ஒன்று வீணாகப் பயமுறுத்தும், அல்லது வீணாகத் தைரியம் கொடுக்கும்.

அழுது அழுது நீலமாகி மூச்சடைத்தது. பிறகு சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா?

கூடாது. பிடிவாதத்தில் அழுது மூச்சை அடக்கும் பழக்கம் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பொதுவாக வருவது, பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் ஃபாலோ நான்கு கூட்டுக் கோளாறு இருக்கும் குழந்தைகளுக்கும் இதே மாதிரி திடீரென நீலமாகி மூச்சு வாங்கும் நிலை வரும். அதில் கீழறை ஓட்டையோடு நுரையீரலுக்குப் போகும் பாதையும் குறுகியிருக்கும். காலையில் எழுந்ததும், பால் குடித்த பிறகு, மலம் கழிக்க முக்கும்போது, ஊசி போட்டு அழும்போது வரும். அழுகை கூடக் கூட நிறம் கறுக்கும், மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஆகும், பிறகு குழந்தை துவண்டு போகும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: குழந்தையின் இரண்டு முழங்காலையும் மடக்கி மார்போடு சேர்த்துப் பிடியுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்தும் செய்யலாம், தோளில் சாய்த்துக்கொண்டு கால்களை மடித்து அணைத்தும் செய்யலாம். குலுக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், வாயில் எதையும் கொடுக்காதீர்கள். முடிந்தவரை அமைதிப்படுத்தி, அப்படியே 108-ஐ அழையுங்கள். நிறம் திரும்பிவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சு நின்று, உள்ளங்காலைத் தட்டியும் அசைவில்லை என்றால் 108-ல் பேசுபவர் சொல்வதைப் போல முதலுதவியைத் தொடங்குங்கள்.

அடிக்கடி சளி, நிமோனியா என்று அட்மிட் ஆகிறது. அதற்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. நுரையீரலுக்கு ரத்தம் அளவுக்கு மீறிப் போனால் அங்கே ஈரம் தங்கிக் கிருமி எளிதில் பிடித்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்குள் இரண்டாவது நிமோனியா என்றால் "இதயத்தையும் ஒரு தடவை பார்த்துவிடலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். நெபுலைசர் வைத்து வைத்து வீடு திரும்பும் குழந்தைகளில் ஒரு சிலருக்குச் சளியே கிடையாது. காய்ச்சலும் இருக்காது, மூச்சு மட்டும் குறையாது.

உரம் விழுந்திருக்கிறது, தொக்கம் எடுக்க வேண்டும் என்கிறார் மாமியார்.

அவரோடு சண்டை போட வேண்டாம். பெரியவர்கள் குழந்தையிடம் ஏதோ சரியில்லை என்பதைச் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பரிகாரம் உரம் எடுப்பது என்று போகும்போது நேரம் வீணாகிறது. துணியில் போட்டு உருட்டுவதும், தொண்டைக்குள் விரல் விடுவதும், ஏற்கெனவே மூச்சு வாங்கும் குழந்தைக்கு ஆபத்து. மாந்தம் என்று கசாயம் ஊற்றுவதும் அப்படித்தான், புரையேறிவிடும்.

வயிற்று வலி என்று நினைக்க வைக்கும் ஒரு அரிய இதயக் கோளாறும் இருக்கிறது. இதயத் தசைக்கே ரத்தம் தரும் குழாய் தவறான இடத்திலிருந்து கிளம்பியிருக்கும். இரண்டு மூன்று மாதத்தில், பால் குடிக்கும்போது திடீரென வீறிட்டு அழும், வெளுத்துப்போகும், வேர்த்துக் கொட்டும். குழந்தைகள் சாயங்காலத்தில் காலை மடக்கி அழும் சாதாரண வயிற்று வலியில் முகம் சிவக்கும், வெளுக்காது. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஸ்டெத்தில் சத்தம் கேட்கிறது என்றார்கள். பயப்பட வேண்டுமா?

முர்மர் என்பது ரத்தம் பாயும் ஓசை. நல்ல இதயமுள்ள பல குழந்தைகளுக்கும் அது கேட்கும். சிறிய ஓட்டையில் ரத்தம் பீறிடுவதால் சத்தம் பெரிதாக இருக்கும். பெரிய ஓட்டையில் சத்தம் குறைவாக இருக்கலாம். மிக மோசமான சில கோளாறுகளில் சத்தமே இருக்காது. ஆகவே "சத்தம் இல்லை" என்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தை இதய மருத்துவத்துக்கு வழிவகுத்த அமெரிக்க மருத்துவர் ஹெலன் டாசிக் என்பவருக்குக் காது சரியாகக் கேட்காது. குழந்தைகளின் மார்பில் விரல் வைத்தே அவர் அதிர்வை உணர்ந்தார் என்பார்கள். கைக்குழந்தைக்கு முர்மர் என்று சொல்லிவிட்டால் எக்கோ எடுத்துத் தெளிவாகிவிடுவது நல்லது.

ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் சரி என்று இருந்ததே?

18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் இதயத்தின் நான்கு அறைகளைப் பார்ப்பார்கள். அதில் பெரிய கோளாறுகள் பல தெரிந்துவிடும், எல்லாமும் தெரியாது. சிறிய ஓட்டைகளும் மகாதமனி இறுக்கமும் தப்பிவிடும். முதல் குழந்தைக்கு இதயக் கோளாறு, தாய்க்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சர்க்கரை, தாய்க்கோ தந்தைக்கோ பிறவி இதயக் கோளாறு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் தனியாகக் கருவின் இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்வார்கள்.

இது யாருடைய தவறு?

பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் கண்டுபிடிக்கவே முடிவதில்லை. கிரகணத்தில் வெளியே போனதும், பப்பாளி சாப்பிட்டதும் காரணம் கிடையாது. ரூபெல்லா அம்மை, கட்டுப்படாத சர்க்கரை, வலிப்புக்கான சில மாத்திரைகள் ஆகியவற்றுக்குத் தொடர்பு உண்டு. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தால் வாய்ப்புக் கொஞ்சம் கூடுகிறது; தாய்மாமன், அத்தை மகன் உறவு இன்னும் வழக்கத்தில் இருக்கும் நம் பக்கத்தில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். அவர்களுக்கு அறிகுறி வரும் வரை காத்திராமல் பிறந்ததுமே எக்கோ எடுக்க வேண்டும்.

தடுப்பூசி போடலாமா? தாய்ப்பால் கொடுக்கலாமா?

இரண்டும் அவசியம். இந்தக் குழந்தைகளுக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் மற்றவர்களைவிட அதிகம் பாடுபடும் என்பதால் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. உறிஞ்சிக் குடித்துக் களைத்தால் பாலைப் பீய்ச்சி, மருத்துவமனையில் காட்டித் தரும் முறையில் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

எதற்கெல்லாம் விடியும் வரை காத்திருக்கக் கூடாது?

நாக்கு நீலம். மூச்சு இருபது நொடிக்கு நின்றுபோவது, முனகல், விலாவில் பள்ளம். தொடர்ந்து இரண்டு வேளை பால் குடிக்க மறுப்பது. எழுப்பினாலும் கண் திறக்காமல் துவள்வது. உடல் வெளுத்து, கால் சில்லிட்டிருப்பது. வழக்கத்தைவிட மிகக் குறைவாக மூத்திரம் போவது, குறிப்பாக முதல் இரண்டு வாரத்தில்.

எங்கே காட்டுவது? செலவுக்கு என்ன செய்வது?

முதலில் குழந்தை மருத்துவர். தமிழ்நாட்டில் அரசு வழியாகப் போவதென்றால், 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் பிறவி இதயக் கோளாறும் அடங்கும். மாவட்ட அளவில் உள்ள இடையீட்டு சேவை மையத்தில் பதிவு செய்து எக்கோவுக்கும் அறுவை சிகிச்சைக்கும் அனுப்புவார்கள். உங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் வழி சொல்வார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைகள் உண்டு. காப்பீட்டு அட்டை இல்லையே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், குழந்தையைச் சேர்த்த பிறகு அந்த வேலையைப் பார்க்கலாம்.

தள்ளிப்போடுவதில் இன்னொரு நஷ்டம் இருக்கிறது. பெரிய ஓட்டையைக் காலாகாலத்தில் மூடாமல் விட்டால் நுரையீரல் ரத்தக் குழாய்கள் தடித்து இறுகிவிடும். அதன் பிறகு ஓட்டையை மூடவே முடியாத நிலை வரும். "வளர்ந்ததும் பார்த்துக்கலாம்" என்பதை மருத்துவர் சொல்லலாம், உறவினர் சொல்லக் கூடாது.

மருத்துவரிடம் போனால் அந்த நேரம் பார்த்துக் குழந்தை சாதாரணமாக இருக்கிறது. எப்படிப் புரியவைப்பது?

வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். பால் குடிக்கும்போது ஒன்று, சட்டை இல்லாமல் தூங்கும்போது மூச்சு தெரியும்படி ஒன்று, நீலம் வந்தால் நாக்கு தெரியும்படி ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போதும். எத்தனை நிமிடம் குடிக்கிறது, எத்தனை மூச்சு எண்ணினீர்கள், எடை அட்டையில் என்ன இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "குழந்தை சரியில்ல டாக்டர்" என்பதைவிட "தூங்கும்போது மூணு தடவை எண்ணினேன், எழுபதுக்கு மேல இருக்கு" என்று சொன்னால் உடனே ஸ்டெத்தை எடுப்பார்.

எக்கோ குழந்தைக்கு வலிக்குமா?

வலிக்காது. கர்ப்ப ஸ்கேன் போன்றதுதான், கதிர்வீச்சும் கிடையாது. மார்பில் ஜெல் தடவிக் கருவியை வைத்துப் பார்ப்பார்கள், அரை மணி நேரம் வரை ஆகலாம். குழந்தை அசையாமல் இருக்க வேண்டும் என்பதால் வாய்வழியாகத் தூக்க மருந்து தரலாம். அப்படியென்றால் எத்தனை மணி நேரத்துக்கு முன் பாலை நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து இல்லையென்றால் பால் கொடுத்துத் தூங்கவைத்தே அழைத்துப் போகலாம். ஜெல் சில்லென்று இருக்கும். கொஞ்சம் சூடாக்கித் தடவச் சொன்னால் குழந்தை விழிக்காது.